ஆசிரியருக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும்: ஜப்பான் கல்வி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஜப்பான் கல்வி அமைச்சர் அவர்கள், மாகாணக் கல்வி வாரியங்களின் பொறுப்பாளர்கள்

ஐயா, அம்மா,

2025 ஜூனில் சைகை மொழிக்கான மேம்பாட்டுச் சட்டம் உங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. செப்டம்பர் 23 சைகை மொழி நாள் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. நவம்பர் 15 முதல் 26 வரை டோக்கியோவில் காது கேளாதோருக்கான உலக விளையாட்டுப் போட்டியான டெஃப்லிம்பிக்ஸ் நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும், காது கேளாதோர் பள்ளிக்கு ஆசிரியராக வருகிறவருக்கு ஜப்பானிய சைகை மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆசிரியர் உரிம விதிகளில் இல்லை. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே கொடுக்கப்படும் உரிமத்தை, ஒரு வாக்கியம்கூடச் சைகையில் சொல்லத் தெரியாமல் இன்றும் வாங்கிவிடலாம். இதைச் சரிசெய்யாத வரை சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஜப்பானில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறோம். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி, கீழே வரும் விஷயங்களைப் பொறுத்தே இருக்கிறது.

சட்டம் பொதுவாக 'சைகை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று நிஹோன் ஷுவா, அதாவது காது கேளாதோர் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பேசி வளர்த்த, தனி இலக்கணம் உள்ள ஜப்பானிய சைகை மொழி. மற்றது நிஹோங்கோ தையோ ஷுவா. இதில் வாய் ஜப்பானியம் பேசும், கை அந்தச் சொற்களுக்கான சைகைகளை அதே வரிசையில் போட்டுக்கொண்டு போகும். வளர்ந்த பிறகு கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு இரண்டாவது முறை நல்ல துணை. அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. அகில ஜப்பான் காது கேளாதோர் கூட்டமைப்பு சைகையை இப்படி இரண்டாகப் பிரிக்க விரும்பாததன் நியாயமும் புரிகிறது, பிரித்தால் யாராவது வெளியே தள்ளப்படுவார்கள். ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் மொழியாக எதைக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. இரண்டாவது முறை புரிய வேண்டுமென்றால் ஜப்பானியம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தெரியாததே அதுதானே.

வகுப்பறையில் இது எப்படி இடறுகிறது என்று ஒரு கணக்கை வைத்துப் பாருங்கள். 'தாரோ ஹனாகோவிடமிருந்து 3 ஆப்பிள் வாங்கினான். இப்போது அவனிடம் 8 ஆப்பிள் இருக்கின்றன. முதலில் எத்தனை இருந்தன?' தமிழில் வேற்றுமை உருபுகள் செய்யும் வேலையை ஜப்பானியத்தில் வா, நி, கரா போன்ற இடைச்சொற்கள் செய்கின்றன. பேசிக்கொண்டே சைகை காட்டும் ஆசிரியரின் வாயில் இந்த இடைச்சொற்கள் எல்லாம் வரும், கையில் வராது. பிள்ளையின் கண்ணுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: தாரோ, ஹனாகோ, ஆப்பிள், மூன்று, வாங்கு, இப்போது, எட்டு, முதல், எத்தனை. யார் கொடுத்தது, யார் வாங்கியது? 'வாங்கு' என்ற சைகையில் உள்ளங்கை மேல்நோக்கியபடி கைகள் காட்டுபவரின் மார்பை நோக்கி வரும். தாரோ எங்கே, ஹனாகோ எங்கே என்று முன்னதாக இடம் குறிக்காததால், ஆசிரியரே மூன்று ஆப்பிள் வாங்கிக்கொண்டது போலத் தோன்றும். பிள்ளை எட்டோடு மூன்றைக் கூட்டி 11 என்று எழுதும். நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழும், கணக்கில் பின்தங்கியவன் என்ற பெயரும் சேர்ந்து வரும்.

ஜப்பானிய சைகை மொழியில் இதே கணக்கைச் சொல்பவர் முதலில் தாரோவை வலப்பக்கம் சுட்டி வைப்பார், ஹனாகோவை இடப்பக்கம். பிறகு உடலைச் சற்றே திருப்பித் தாரோவாகி, இடப்பக்கத்திலிருந்து பொருளைத் தன்னிடம் இழுப்பார். கை எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்பதுதான் இங்கே வேற்றுமை உருபு. 'இப்போது எட்டு' என்று வந்ததும், முன்பு குறைவாக இருந்தது என்று பிள்ளைக்குச் சொல்லாமலே பிடிபடும். 5 என்று எழுதும்.

கை மட்டும் பேசுகிற மொழியும் அன்று இது. ஆம், இல்லை என்று விடை சொல்லும் கேள்வியில் புருவம் உயரும், கண் விரியும், மோவாய் உள்ளே இழுபடும், கடைசிச் சைகை ஒரு கணம் அப்படியே நிற்கும். எது, யார், ஏன் என்று கேட்கும்போது தலை இடவலமாகச் சிறிதாக ஆடும். இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு சிறு தலையசைப்பு விழுந்தால், தமிழில் 'உம்' சேர்வதற்குச் சமம். 'மழை' என்ற சைகையோடு புருவம் உயர்ந்து ஒரு தலையசைப்பும் வந்தால் 'மழை பெய்தால்' என்று ஆகிவிடும். வாய்க்கும் இலக்கண வேலை உண்டு. ஒரு செயல் முடிந்துவிட்டது என்று காட்டும் சைகையோடு உதடு 'பா' என்று சட்டென்று திறக்கும். ஆசிரியரின் வாய் ஜப்பானியம் பேசிக்கொண்டிருந்தால் இந்த வாயசைவுக்கு இடமேது? ஒரே நேரத்தில் இரண்டு மொழியையும் பேசுவது, எவ்வளவு திறமைசாலியாலும் ஆகாத காரியம். சைகை போட எடுக்கும் நேரம் சொல்லை உச்சரிக்கும் நேரத்தைவிட நீளம். எனவே வாய் முந்தும், கை சைகைகளை விழுங்கும். விழுங்கியது ஆசிரியருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் காதில் வாக்கியம் முழுதாகக் கேட்கிறது.

இதன் விளைவு பதிவேடுகளில் வேறு பெயரில் வந்து நிற்கும். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், வாக்கியக் கடைசியில் வாய் ஜப்பானியத்தின் கேள்விச் சொல்லான 'கா'வைச் சொல்கிறது, முகம் அசையவில்லை. அது கேள்வி என்றே பிள்ளைகளுக்குத் தெரியாததால் யாரும் பதில் சொல்வதில்லை. குறிப்பேட்டில் 'ஈடுபாடு குறைவு' என்று ஏறுகிறது. மறுபுறமும் இதே கதைதான். 'எனக்குப் பிடித்தது கறிச் சோறு' என்பதைச் சைகை மொழியில் 'நான், பிடிக்கும், என்ன, கறிச் சோறு' என்ற வரிசையில் சொல்வது மிக இயல்பு. மொழி தெரியாத ஆசிரியர் 'என்ன' வந்தவுடன் தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து நடுவில் குறுக்கிடுவார். பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். நான்கைந்து முறை இப்படி நடந்தால் அது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிடும்.

இதைவிட எளிய விஷயங்களும் தவறுகின்றன. கரும்பலகைக்கு முகத்தைக் காட்டி, வகுப்புக்கு முதுகைக் காட்டிப் பேசுவது. ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டு, முகம் இருட்டாகத் தெரியும்படி பாடம் நடத்துவது. திரையில் எழுத்தை வரவழைத்த அதே நொடியில் விளக்கத் தொடங்குவது. பிள்ளை எழுத்தைப் பார்க்குமா, கையைப் பார்க்குமா? காது கேளாத ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருந்தால் இவற்றை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் எழுதி முடித்துத் திரும்பி, எல்லார் கண்ணும் தன்மேல் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கையை எடுப்பார்.

உதட்டைப் படித்துக் கற்றுக்கொள்ளட்டும் என்ற பழைய வாதம் இன்னும் ஓயவில்லை. தபாகோ, தமாகோ, நமாகோ: சிகரெட், முட்டை, கடல் அட்டை. மூன்றுக்கும் உதட்டசைவு ஒன்றே. ஏற்கெனவே மொழி தெரிந்தவர் சூழலை வைத்து ஊகிப்பார். தெரியாத பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? மூன்றாம், நான்காம் வகுப்புப் பாடத்தைத் தாண்ட முடியாமல் பிள்ளைகள் தேங்குவதை 'ஒன்பது வயதுச் சுவர்' என்று 1960களில் பெயரிட்டது காது கேளாதோர் பள்ளிகளில் இருந்தவர்கள்தான். அப்போது அந்தப் பள்ளிகளில் கோலோச்சியது பேச்சுப் பயிற்சி முறை, சைகை அல்ல.

வரலாற்றையும் ஒரு வார்த்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஜப்பானில் காது கேளாதோர் கல்வி 1878இல் கியோத்தோவில் ஃபுருகாவா தாஷிரோ தொடங்கிய பள்ளியில், சைகையோடுதான் பிறந்தது. 1933இல் கல்வி அமைச்சராக இருந்த ஹத்தோயாமா இச்சிரோ, பள்ளி முதல்வர்கள் மாநாட்டில் பேச்சு முறையை வலியுறுத்திப் பேசினார். அதன்பின் பள்ளி பள்ளியாகச் சைகை வகுப்பைவிட்டு வெளியேற்றப்பட்டது. ஒசாகா நகராட்சிப் பள்ளியின் முதல்வர் தகஹாஷி கியோஷி மட்டும் பிள்ளைக்கு எது பொருந்துமோ அதுவே முறை என்று விடாப்பிடியாக நின்றார். இன்று நாடே பயன்படுத்தும் விரல் எழுத்துகளை உருவாக்கிய ஒசோனே கென்சுகேயும் அந்தப் பள்ளி ஆசிரியர்தான். கவனியுங்கள்: சைகையை வெளியேற்ற அன்று தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, அமைச்சரின் ஓர் உரை போதுமானதாக இருந்தது. திரும்பக் கொண்டுவரும்போது மட்டும் நடைமுறைச் சிக்கல், நிதிச் சிக்கல் என்று ஏன் கையை விரிக்கிறீர்கள்?

பள்ளியை நாங்கள் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவை. அவர்களுக்கு வீட்டில் இந்த மொழி இல்லை. மூத்த மாணவர்களிடமிருந்து இளையவர்களுக்கு, விடுதி அறையிலும் விளையாட்டு மைதானத்திலும்தான் அது கைமாறி வந்திருக்கிறது. பேச்சு முறை ஆண்ட காலத்தில்கூட விடுதியில் அது உயிரோடு இருந்தது. பள்ளிக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு வலு என்பதற்குத் தைவானே சாட்சி. ஜப்பானின் காலனி ஆட்சிக் காலத்தில் தைபே பள்ளிக்கு டோக்கியோவிலிருந்தும் தைனான் பள்ளிக்கு ஒசாகாவிலிருந்தும் ஆசிரியர்கள் போனார்கள். தைவான் சைகை மொழியில் அந்த இரண்டு ஊர்ச் சாயலும் ஆட்சி போன பிறகும் போகவில்லை. ஜப்பானுக்குள்ளேயே 'பெயர்' என்பதற்குக் கிழக்கே விரித்த உள்ளங்கையில் கட்டைவிரலை ரேகை வைப்பது போலப் பதிப்பார்கள், மேற்கே மார்பில் பெயர்ப் பட்டை குத்தியது போல விரல் வளையத்தை வைப்பார்கள். இவற்றை நாடு முழுக்கச் சுமந்தவை பள்ளிகள். இப்போது பிள்ளைகள் பொதுப் பள்ளிகளுக்குத் தனித்தனியாகச் சிதறிப் போகிறார்கள். காது கேளாதோர் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்குகிறது. மிச்சமிருக்கும் வகுப்பறையிலும் மொழி இல்லையென்றால் அது வேறு எங்கே இருக்கும்?

மொழி கற்க நேரம் பிடிக்கும். அரசே வகுத்த பாடத்திட்டப்படி சைகைத் தொண்டருக்கான அடிப்படைப் பயிற்சி 80 மணி நேரம், அதற்கு மேல் மொழிபெயர்ப்பாளர் பயிற்சி 90 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 170 மணி நேரத்தை முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அதுவும் பாடம் நடத்தும் அளவுக்குப் போதாது, மேற்கொண்டு காது கேளாதவர்களோடு பழகிப் பேசித்தான் கை ஓடும். இப்படி ஓர் ஆசிரியர் தட்டுத்தடுமாறிக் கற்றுத் தேறும் நேரத்தில் மாகாண வாரியத்தின் வழக்கமான இடமாற்றம் அவரை வேறு பள்ளிக்குத் தூக்கிப் போடுகிறது. அவர் இடத்துக்கு வருகிறவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். பயிற்சி வகுப்புகளோ மாலையிலும் வார இறுதியிலும் நடக்கின்றன, பெரும்பாலும் ஆசிரியரின் சொந்த நேரத்தில். ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. அவர்களை ஓர் இடத்தில் நிற்கவிடாத ஏற்பாடுதான் இருக்கிறது.

அதற்கும் முன்பே ஓர் ஓட்டை உண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கேட்டல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடக்கம் என்பது இலக்கு. பரிசோதனை ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. உதவி என்று வரும்போது பெற்றோர் கையில் கிடைப்பது காதுக் கருவி பற்றிய விளக்கமும், உட்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கான தேதியும். 2022இல் திருத்திய வழிகாட்டுதல்படி ஒரு வயதோ 8 கிலோ எடையோ ஆகியிருந்தால் அறுவை செய்யலாம். நல்லது, செய்யட்டும். ஆனால் அதுவரை அந்தக் குழந்தை எந்த மொழியில் உலகத்தைத் தெரிந்துகொள்ளும்? அறுவைக்குப் பிறகும் குளிக்கும்போது, நீச்சலில், பேட்டரி தீர்ந்தால், சத்தமான வகுப்பறையில்? பள்ளிகளில் 0 முதல் 2 வயது வரைக்கான ஆலோசனை வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் மழலையர் பிரிவு தொடங்குவது மூன்று வயதில்தான் என்பதால், அதற்குக் கீழே சட்டப்படி ஆசிரியர் ஒதுக்கீடு இல்லை. இருக்கிற ஆசிரியர்களே மற்ற வேலைக்கு நடுவே அதையும் பார்க்கிறார்கள்.

உங்கள் தரப்பு விடைகள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. பிள்ளைகளின் தேவை பலவகை, எனவே வழிமுறையும் பலவகை என்பீர்கள். பலவகை என்றால் அந்தப் பட்டியலில் ஜப்பானிய சைகை மொழியும் இருக்க வேண்டுமே. அது மட்டும் இல்லாத பன்மைக்குக் கண்துடைப்பு என்றுதான் பெயர். கற்பிக்க ஆள் இல்லை என்பீர்கள். 2003இல் 107 காது கேளாத பிள்ளைகளும் பெற்றோரும் ஜப்பான் வழக்கறிஞர் சங்கக் கூட்டமைப்பிடம் மனித உரிமை மனு கொடுத்தார்கள், 2005இல் கூட்டமைப்பு சைகையில் கல்வி வேண்டும் என்று கருத்துரை வெளியிட்டது. அன்று தொடங்கியிருந்தால் இன்று ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தயாராகியிருப்பார்கள். நீதிமன்றம் எங்கள் பக்கம் என்றும் நீங்கள் சொல்வீர்கள். ஹொக்கைடோவில் இரண்டு பிள்ளைகள், ஜப்பானிய சைகை மொழியில் பாடம் நடத்தத் தெரியாத ஆசிரியரை அமர்த்தியதற்கு எதிராகத் தொடுத்த வழக்கை சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2024 மே 24 அன்று தள்ளுபடி செய்தது உண்மை. அந்தத் தீர்ப்பு, 2025ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பதற்கு முந்தையது. சைகை தெரிந்த ஆசிரியர்களைப் பள்ளியில் அமர்த்துவது பற்றிப் பேசுகிற சட்டம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

முடியாத காரியமும் அல்ல. டோக்கியோ ஷினகாவாவில் 2008 ஏப்ரலில் தொடங்கிய மெய்செய் ககுயென் என்ற காது கேளாதோர் பள்ளி, ஜப்பானிய சைகை மொழியையும் எழுத்து ஜப்பானியத்தையும் வைத்து இருமொழியில் கற்பிக்கிறது. 'சைகை' என்பது அங்கே ஒரு பாடம். ஆனால் அது தனியார் பள்ளி, மழலையர் பிரிவிலிருந்து நடுநிலை வரைதான், தலைநகரில்தான். ககோஷிமாவிலோ அகிதாவிலோ இருக்கும் ஒரு குடும்பம் என்ன செய்யும்?

எங்கள் கோரிக்கைகள் இவை.

செவித்திறன் பிரிவு ஆசிரியர் உரிமத்துக்கு ஜப்பானிய சைகை மொழித் தேர்ச்சியைக் கட்டாயமாக்குங்கள். ஏட்டுத் தேர்வு போதாது, செய்முறை வேண்டும். அதை மதிப்பிடும் குழுவில் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட காது கேளாதவர் இருக்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன 170 மணி நேரத்தை வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, அரசுச் செலவில் கொடுங்கள். மூன்று ஆண்டு அவகாசம் வையுங்கள். தேர்ச்சி பெற்றவர்களை, அவர்களே கேட்டாலொழிய, வழக்கமான இடமாற்றப் பட்டியலிலிருந்து விலக்குங்கள்.

காது கேளாத ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஆசிரியர் தேர்வில் ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதிக்கு விலக்கு, நேர்காணலிலும் பிறகு தினசரி ஆசிரியர் கூட்டத்திலும் மொழிபெயர்ப்பாளர், இவை இருந்தாலே பாதித் தடை நீங்கும். உரிமம் இல்லாத ஆனால் மொழியில் தேர்ந்தவர்களுக்குக் கொடுக்க 'சிறப்பு உரிமம்' என்ற வழி மாகாண வாரியங்களிடம் ஏற்கெனவே உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஜப்பானிய சைகை மொழியை ஒரு பாடமாக நடத்த விரும்பும் அரசுப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுங்கள். மாகாணத்துக்கு ஒரு பள்ளியிலாவது, மழலையர் பிரிவு முதல் உயர்நிலை வரை, அந்த மொழியிலேயே பாடம் நடக்கும் ஒரு வகுப்பு இருக்கட்டும். 0 முதல் 2 வயது வரைக்கான ஆலோசனைக்குத் தனி ஆசிரியர் ஒதுக்கீடு செய்யுங்கள், வாரம் ஒரு முறையாவது காது கேளாத பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய்க் குழந்தையோடும் பெற்றோரோடும் பேச ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதனை முடிவோடு மருத்துவமனையில் கொடுக்கும் கையேட்டில் சைகை மொழிக்கும் பக்கம் ஒதுக்குங்கள். ஜப்பானியம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு, தமிழ் உட்பட அவரவர் மொழியில் அது கிடைக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு காது கேளாதோர் பள்ளியிலும் ஜப்பானிய சைகை மொழியில் பாடம் நடத்தக்கூடிய ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் காது கேளாதவர்கள் எத்தனை பேர் என்ற விவரத்தைப் பள்ளிவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மார்ச்சில் இடமாற்ற ஆணைகள் கையெழுத்தாகும், ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கும். முதல் பட்டியலை இந்த ஆண்டு அந்த ஆணைகளுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம்.

இப்படிக்கு,
ஜப்பானில் காது கேளாத பிள்ளைகளின் கல்வியோடு தொடர்புடைய தமிழர்கள்